காற்று வாங்க வந்த கிடேரி

அத்தியாயம் 9

கோல்ஃப் மைதானத்து வேலியோரம் காரை நிறுத்திவிட்டு, தூறலில் நின்றபடி ஒரு மாட்டுக் கதை கேட்டுக்கொண்டிருந்தோம். ஏழு வாரமாக இதுதான் பிழைப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் கதை சொல்லாத வாய் ஒன்றுகூட இல்லை. அத்தனை கதையிலும் நாங்கள் தேடும் மாடு மட்டும் கிடையாது.

"ஒரு நாள்னா பரவால்லைங்க. தினமும் வருது" என்றார் அலிக் எஸ்லமாண்ட். மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்கிறவர். இலைகளை ஊதித் தள்ளும் ப்ளோயர் ஒன்றை முதுகில் மாட்டியிருந்தார். "இதை ஸ்டார்ட் பண்ணினா போதும். மேல டூகல் மட்சோட மலையில மேயற கறுப்புக் கிடேரிங்க எல்லாம் வாலைத் தூக்கிக்கிட்டு ஓடும். ஒண்ணே ஒண்ணு மட்டும் நேரா என்னைப் பாத்து வரும்."

"வந்து முட்டுமா?" என்றேன்.

"முட்டினாக்கூட மன்னிச்சிருவேன். பக்கவாட்டுல வந்து நின்னு கண்ணை மூடிக்கும். ஒரு பக்கம் நல்லாக் காத்து வாங்கிட்டு, அப்பறம் அதுவா திரும்பி அடுத்த பக்கத்தைக் காட்டும். நான் என்ன சலூனா வெச்சு நடத்தறேன்? போதாக்குறைக்கு பறவை பாக்கறேன்னு பைனாகுலர் வெச்சுக்கிட்டு ஒருத்தி வேற அந்த வேலியிலயே நிக்கறா. எவன் நிம்மதியா பந்தடிப்பான்?"

"காசு கேட்டுப் பாத்தீங்களா? மாட்டுக்கிட்ட?"

அவர் என்னை முறைத்தார். என் பாஸ் ஐல்சா பிர்னி முறைக்கவில்லை. கையிலிருந்த நோட்டை மெதுவாக மூடினார். ஐம்பத்தெட்டு வயது, அதில் இருபத்தாறு வருடம் போலீசில் கால்நடைத் திருட்டுப் பிரிவு. நோட்டை அவர் மூடினால் ஏதோ கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஏழு வாரத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயந்திரம்."

"ஃபெர்கஸ், மாட்டைக் குளிப்பாட்டி, மெஷின் வெச்சு முடி காய வைக்கிறவங்க யாரு?"

"வேலை வெட்டி இல்லாதவங்க, பாஸ்."

"ஷோ மாடு வளக்கறவங்க. தினமும் காலையில ஒரு பக்கம், அப்பறம் மறுபக்கம். அலிக், அந்த மெஷினைக் கொஞ்சம் கழட்டுங்க."

"மூணு மணிக்குப் போட்டி இருக்கு! அதுக்குள்ள என் கைக்கு வந்தாகணும்!"

வந்துவிடும் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு அது.

★

விஷயம் இதுதான். ட்ரம்லேர் பண்ணையின் லவினியா என்கிற ஆங்கஸ் இனத்துக் கறுப்புக் கிடேரி, மூன்று வருடமாக எங்கள் வட்டாரத்து மாட்டு அழகுப் போட்டிகளில், அதாவது ஷோக்களில், முதல் ரிப்பனை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், ஏழு வாரத்துக்கு முன் ஒரு காலையில் கொட்டிலில் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே பேரிடம். ஒன்று முதலாளி ஹெக்டர் லம்ஸ்டனிடம். மற்றது லவினியாவைக் கன்றிலிருந்து வளர்த்த எல்ஸ்பெத் ரிடாக்கிடம்.

எல்ஸ்பெத் பூட்ட மறந்தாள், பக்கத்துப் பண்ணை டூகல் மட்ச் நுழைந்து ஓட்டிக்கொண்டு போனான் என்பது லம்ஸ்டனின் முடிவு. போலீஸ் டூகலின் மலைக்குப் போய் எண்ணிப் பார்த்தது. காகிதத்தில் அறுபத்திரண்டு, மலையிலும் அறுபத்திரண்டு. காதில் மாட்டிய அடையாள வில்லை நம்பர் எல்லாம் சரி. லம்ஸ்டன் விடவில்லை. தனியார் துப்பறிகிறவர்களான எங்களை அமர்த்தினார். எல்ஸ்பெத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்தார். சனிக்கிழமை ஷோவுக்குள் லவினியா உயிரோடு வரவேண்டும். வராவிட்டால் எல்ஸ்பெத் அன்றைக்கே வேலையை விட்டு, பண்ணை கொடுத்த வீட்டையும் காலி செய்யவேண்டும்.

இன்றைக்கு வியாழன்.

★

ட்ரம்லேர் கொட்டிலுக்குள் என் அறையைவிட நல்ல காற்று வரும். வெயில் காலத்திலும் முடி அடர்ந்து வளர வேண்டுமென்று நாலு பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கன்றுக்குப் பால் கொடுக்க இரண்டு தாய்கள். லம்ஸ்டன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு சாணத்தைத் தாண்டித் தாண்டி வந்தார்.

"மட்சோட மலையிலதான் இருக்கா? நான் முதல் நாளே சொன்னேன்!"

"இருக்கலாம்னுதான் சொன்னேன்" என்றார் ஐல்சா.

"மேடம், நான் வளக்கறது மாடு. அஞ்சு தலைமுறைக்கு அப்பன் பேரு, தாத்தன் பேரு சொல்லுவேன். அவன் வளக்கறது நாலு கால்ல நடக்கற கறி. அதுங்க நடுவுல என் லவினியாவை நிக்க வெச்சிருக்கான். அவளைப் பாத்த உடனே எனக்கு போன் பண்ணணும். புரியுதா?"

"அடையாளம் காட்ட எல்ஸ்பெத் வரணும்."

"கூட்டிட்டுப் போங்க. இங்க அவளுக்கு இனிமே என்ன வேலை?"

எல்ஸ்பெத் தன் வீட்டுக் கொல்லையில் குனிந்து, வெங்காயத்தாள் ஜாதியைச் சேர்ந்த லீக் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, தோட்டத்து வாளியை ஒரு விரலில் தூக்கும் உடம்பு. ப்ளோயர் கதையைச் சொன்னேன். கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தாள்.

"மாடுன்னா அப்படித்தான், ஃபெர்கஸ். எது சத்தம் போட்டாலும் வேடிக்கை பாக்க வரும். வீணா எதுக்கு அலையறீங்க?"

"உன் வீட்டைக் காப்பாத்தத்தான் அலையறோம்."

"நனைஞ்சிருவீங்களேன்னு சொன்னேன்."

ஏழு வாரமாக நனைந்துதான் கிடக்கிறோம் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஐல்சா நாற்று வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எப்ப பிடுங்கலாம் இதை?" என்று கேட்டார்.

"டிசம்பர்ல. சூப்புக்கு நல்லா இருக்கும்."

ஐல்சா தலையாட்டினார். எனக்கு எரிச்சல். வேலையை விட்டுவிட்டுச் சமையல் பேச்சு.

★

டூகலின் பண்ணைக்குப் போகும் பாதையில் ஒரு வண்டிதான் போகமுடியும். பாதி தூரத்தில் எதிரே மாட்டு லாரி வந்து ஹாரன் அடித்தது. நான்தான் காரைப் பின்னாலேயே நூறு அடி ஓட்டி ஒதுங்கினேன். லாரி உரசிக்கொண்டு போனது. பக்கத்துத் திறப்புகளில் கறுப்பு மூக்குகள் வரிசையாகத் தெரிந்தன.

"போயிட்டு வாங்க கண்ணுங்களா" என்று கையசைத்தேன். "திரும்பி வந்தா பொட்டலமாத்தான் வருவீங்க."

"டூகலோட மாடா?" என்றார் ஐல்சா.

"வியாழக்கிழமைன்னா அவனோட கொட்டகை மாடுங்க வெட்டுக்குப் போகும்" என்றாள் எல்ஸ்பெத் பின்சீட்டிலிருந்து. லாரியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கக் கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இந்த அத்தியாயம் அங்கேயே முடிந்திருக்கும்.

டூகல் மட்ச் மலை வேலிக்கதவில் சாய்ந்து நின்றார். அறுபது வயது, கோட்டுக்குக் கயிறுதான் பெல்ட்.

"வந்துட்டாங்கய்யா. போலீஸ் எண்ணியாச்சு. கவர்மென்ட் எண்ணியாச்சு. இப்ப யாரு, நீங்க எண்ணப்போறீங்களா? அது என்ன முதுகுல?"

"ப்ளோயர்" என்றேன். "உங்க மாட்டுக்கு முடி காய வைக்கப்போறோம்."

"என் மாட்டுக்கு மழையே குளியல், காத்தே துண்டு. தினம் ஷாம்பு போட்டு, சீப்பு போட்டு, வால் முடியைப் பந்தாக் கட்டி... அது மாடா, மணப்பொண்ணா? அழகு பாத்து என்ன, கன்னு போட்டாத்தானே மாடு? லம்ஸ்டனோட அந்த லவினியா ஒரு தடவையாவது சினை பிடிச்சுதா? கேளுங்க எல்ஸ்பெத்தை!"

எல்ஸ்பெத் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க மலையில எத்தனை இருக்கு?" என்றார் ஐல்சா.

"எண்ணிக்கோங்களேன், உங்களுக்கும் பொழுது போகணும்ல."

நான் ப்ளோயரை ஸ்டார்ட் செய்தேன். மலையே அதிர்ந்தது. கறுப்புத் தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன, ஒன்றாகத் திரும்பின, அத்தனையும் வாலைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடின. வேலிப்பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

"கிட்டப் போ" என்றார் ஐல்சா.

போனேன். கிடேரிகள் இன்னும் மேலே ஓடின. நான் பின்னால் ஏறினேன். இடது கால் முழங்கால்வரை சேற்றில் போய், திரும்பி வரும்போது பூட்ஸ் இல்லாமல் வந்தது. ஊதிய காற்றில் என் தொப்பியே பறந்து ஓடைக்குப் போனது. தூறல் நின்றதும் மிட்ஜ் பூச்சிகள் கிளம்பி காதுக்குள், மூக்குக்குள், கண்ணிமைக்குள் என்று புகுந்து கடித்தன. முப்பது நிமிடம் ஊதினேன். டூகலின் பொலிகாளை மட்டும் ஒரு பாறையருகே நின்று என்னை அலுப்போடு பார்த்தது.

"வரலை, பாஸ்!" என்று கத்தினேன். "ஒரு மாடும் காத்து வாங்க வரலை! நான்தான் பைத்தியக்காரன் மாதிரி மலைக்குக் காத்து வீசிக்கிட்டிருக்கேன்!"

ஏழு வாரத்தில் கிடைத்த ஒரே துப்பு, அதுவும் புஸ்ஸென்று போனது. நொண்டிக்கொண்டு கீழே வந்தேன். பூட்ஸ் போன காலைவிட மனசு கனத்தது. ஐல்சாவின் முகத்தில் என்னைவிடப் பெரிய எரிச்சல் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அவர் மலையைப் பார்க்கவே இல்லை. எல்ஸ்பெத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்ஸ்பெத் கதவின் மேல் கம்பியில் ஏறி நின்று உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை பாதியில் நிறுத்தினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

★

"கெடைக்கலைன்னா நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன், எல்ஸ்பெத்" என்றார் ஐல்சா மெதுவாக.

"என்ன சொல்றீங்க?"

"நாளை மறுநாள் வீட்டைக் காலி பண்ணணும். வீட்டுல ஒரு அட்டைப்பெட்டி கட்டலை. டிசம்பர் சூப்புக்கு லீக் நட்டுக்கிட்டிருக்க. சனிக்கிழமைக்குள்ள மாடு வந்துரும்னு உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத் தெரியலை, லம்ஸ்டனுக்குத் தெரியலை. உனக்கு எப்படித் தெரியும்?"

நான் வாயைப் பிளந்தேன். மிட்ஜ் ஒன்று உள்ளே போனது.

"கோல்ஃப் வேலியில பைனாகுலரோட நின்னது பறவை பாக்கறவ இல்லை. நீ. இங்க வந்ததுகூட அவளைக் கண்டுபிடிக்க இல்லை. நாங்க தப்பித் தவறிக் கண்டுபிடிச்சா, இது இல்லைன்னு சொல்றதுக்கு. அவ இங்கதான் இருந்தா. ஆனா இப்ப நீ தேடறே, உன் கண்ணுக்கும் படலை. இல்லையா?"

எல்ஸ்பெத் கம்பியிலிருந்து இறங்கினாள். டூகலின் கோட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.

"மலையிலேர்ந்து மாட்டை எறக்கினியா? டூகல், சொல்லு!"

"விடு கயித்தை! கொட்டகையில ரெண்டு நொண்டுது. லாரிக்குப் பத்து வேணும், எட்டுதான் இருந்துச்சு. காலையில மலையிலேர்ந்து ரெண்டு ஓட்டிட்டு வந்தேன். என் மாடு, என் லாரி, உனக்கென்ன?"

"எதை ஓட்டினே?"

"கொழுத்ததைத்தான் ஓட்டுவாங்க. வாலடியில கை வெச்சுப் பாப்போம், சதை எங்க இருக்குன்னு. சாதாரணமா ஒண்ணைப் பிடிக்க ரெண்டு ஆளு, ஒரு நாய், ஒரு மணி நேரம். ஆனா இன்னிக்குப் பாரு," டூகலின் முகம் கொஞ்சம் மலர்ந்தது, "ஒண்ணு தானா நடந்து வந்துச்சு. வந்து எம்முன்னாடி நாலு காலையும் மேசை மாதிரி ஊணி, தலையைத் தூக்கி நின்னுச்சு. கை வெச்சேன், அசையலை. என்ன சதை! நாப்பது வருஷத்துல இவ்ளோ மரியாதை தெரிஞ்ச மாட்டை நான் பாத்ததில்லை. அதைத்தான் முதல்ல ஏத்தினேன்."

ஷோவில் நடுவர் முன் நிற்க எல்ஸ்பெத் பழக்கிய நிலை அது. அவளிடமிருந்து வந்த சத்தம் மலையில் நின்ற கிடேரிகளை மறுபடி ஓட வைத்தது.

★

காரில் நாலு பேர், ஒரு ப்ளோயர், ஒரு பூட்ஸ். "என் மாட்டைப் பத்திப் பேசறீங்க, நான் இல்லாமலா?" என்று டூகலும் ஏறிக்கொண்டார். லாரி எங்களுக்கு நாற்பது நிமிடம் முன்னால்.

"போன் பண்ணு" என்றார் ஐல்சா.

பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. மேட்டுக்கு ஏறியதும் ஒரு கோடு வந்தது. வெட்டுக்கூடத்துக்கு அடித்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு பியானோ வாசித்தது. அடுத்த இறக்கத்தில் பியானோவும் செத்தது. ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினேன். ஹாரன் அடித்தது, அவ்வளவுதான் பலன்.

பின்சீட்டில் எல்ஸ்பெத் பேசிக்கொண்டே வந்தாள். யாரும் கேட்காமலே.

"நாலு தடவை சினை ஊசி போட்டாங்க. நாலு பேர்போன காளையோட விந்து. ஒண்ணும் நிக்கலை. ஷோவுக்காக ஊட்டி ஊட்டிக் கொழுப்பு உள்ளுக்குள்ள ஏறிக் கெடக்கு, எப்படி நிக்கும்? டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. லம்ஸ்டன் என்ன சொன்னாரு தெரியுமா? இந்த ஷோ முடியட்டும், கடைசியா ஒரு ரிப்பன், மறுநாள் வெட்டுக்கு அனுப்பிருன்னாரு. எங்கிட்டயே சொன்னாரு. நான் புட்டியில பால் குடுத்து வளத்தவ."

"அதனால என் மலையில விட்டியா?" என்றார் டூகல்.

"மலையில ஏறி எறங்கினா சதை கரையும். சாதாரணப் புல்லு, சாதாரணக் காளை. நீ வளக்கற மாதிரி வளந்தா சினை பிடிக்கும்னு நெனச்சேன். சினை மாட்டை எவனும் வெட்டுக்கு அனுப்ப மாட்டான். சனிக்கிழமை காலையில நானே கண்டுபிடிச்ச மாதிரி கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"என் கணக்கு எப்படிச் சரியா வந்துச்சு? அறுபத்திரண்டு இருந்துச்சே!"

எல்ஸ்பெத்தின் குரல் இறங்கியது. "உன் கிடேரி ஒண்ணு மே மாசம் எல்லை ஓடையில விழுந்து செத்துக் கெடந்துச்சு. நான்தான் பாத்தேன். அதோட காது வில்லையைச் சூடு காட்டிக் கழட்டி லவினியாவுக்கு மாட்டினேன். உங்கிட்ட சொல்லலை. தப்புதான்."

"செத்துப்போச்சா? என் மாடு செத்து ரெண்டு மாசம், எனக்கே தெரியாதா?" டூகல் கத்தினார். "சொல்லக்கூடத் தோணலையா உனக்கு? நீயெல்லாம் ஒரு பக்கத்து வீட்டுக்காரியா?"

எல்ஸ்பெத் அழுதாள். டூகல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷோக்காரிக்குப் பளபளப்பாகத் தெரிகிற அதே சதை, கறிக்காரன் கைக்குத் தராசாகத் தெரியும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கத்திக்குத் தப்ப வைத்து, நேராகக் கத்தியிடமே அனுப்பிவிட்டாள்.

★

வெட்டுக்கூடத்து வாசலில் மூன்று லாரி வரிசை. டூகலின் லாரி இரண்டாவது. முதல் லாரி இறக்கி முடித்துக் கதவை ஏற்றிக்கொண்டிருந்தது. வாசலில் கிரெய்க் என்கிற ஆள் மஞ்சள் கோட்டில், கணக்கு எழுதும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த லாரியில ஒரு மாடு தப்பா வந்துருச்சு" என்றார் ஐல்சா. "அதை எறக்காதீங்க."

"பத்து மாடு, பத்து வில்லை, பத்தும் மட்ச். எல்லாம் சரி."

"ஒண்ணு மட்சோடது இல்லை."

"வில்லையில அவர் நம்பர் இருக்கே மேடம். இங்க தரையில கால் வெச்சுட்டா உயிரோட வெளிய போக முடியாது, அது சட்டம். எறக்க வேணாம்னா இப்பவே ஓனர் சொல்லணும். ஓனர் யாரு?"

எல்லோரும் டூகலைப் பார்த்தோம். டூகல் தாடையைச் சொறிந்தார்.

"எல்லாம் கறுப்பு. எதுன்னு சொல்லுவீங்க? இவ சொன்னான்னு என் கொழுத்த மாட்டை எறக்கிக் குடுக்கவா? செத்த மாட்டைச் சொல்லாதவ, வேற என்னவெல்லாம் சொல்லுவா? நம்பணும்னா எனக்குக் கண்ணால தெரியணும்."

முன் லாரி நகர்ந்தது. எங்கள் லாரியின் என்ஜின் உறுமியது.

"ஃபெர்கஸ்!" என்றார் ஐல்சா. "ஊது!"

கயிற்றை இழுத்தேன். இருமியது. மறுபடி இழுத்தேன். அரை மணி நேரம் மலைக்குக் காற்று வீசியதில் டாங்கில் பெட்ரோல் சொட்டுதான் மிச்சம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினை ஓர் உதை விட்டேன், பூட்ஸ் இல்லாத காலால். வலியில் குதித்தபடியே மூன்றாவது தடவை இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

லாரியின் பக்கத்துத் திறப்பில் குழாயை வைத்தேன். உள்ளே இடி இடித்த மாதிரி குளம்புச் சத்தம். கறுப்பு உடம்புகள் எல்லாம் மறுபக்கச் சுவரில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. காலியான இடத்துக்கு ஒரு கிடேரி நிதானமாக நடந்து வந்தது. பக்கவாட்டில் நின்றது. காய்ந்த சேறு உதிர உதிர, கண்ணை மூடிக்கொண்டது.

நான் விநாடிகளை எண்ணினேன். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. கிடேரி கண்ணைத் திறந்து, அந்தக் குறுகின இடத்தில் சிரமப்பட்டுச் சுற்றித் திரும்பி, மறுபக்கத்தைக் காட்டி நின்றது. அப்போதுதான் மெஷின் ஒரேயடியாக அணைந்தது.

"லவி" என்றாள் எல்ஸ்பெத். கிடேரியின் காதுகள் இரண்டும் அவள் பக்கம் திரும்பின.

டூகல் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணை எறக்க வேணாம், கிரெய்க்" என்றார். "ஒம்பதுன்னு எழுதிக்கோ."

★

ஐல்சா போனில் ஸ்பீக்கரைப் போட்டார். ஏழு வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் நிம்மதி வந்திருந்தது. அது நாலு நிமிடம் நீடித்தது.

"கெடைச்சுட்டா, மிஸ்டர் லம்ஸ்டன். உயிரோட இருக்கா."

"பிரமாதம்! உடனே அனுப்புங்க. சனிக்கிழமைக்குள்ள குளிப்பாட்டணும்."

"இன்னொரு நல்ல சேதி. ரெண்டு தடவை பருவத்துக்கு வரலை. ஆறு வாரமா ஒருத்தர் வேலியிலேர்ந்து பைனாகுலர்ல பாத்துக் குறிச்சிருக்காங்க. அனேகமா சினை."

"சினையா? லவினியாவா? எந்தக் காளை?"

"மட்சோட மலைக்காளை."

"பேரு?"

டூகல் போனுக்குக் குனிந்தார். "காளைதான் பேரு. வேற பேரு வைக்கலை."

பின்னால் ட்ரம்லேரின் மின்விசிறிகள் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. நாலு பேர்போன காளையால் ஆகாததைப் பேரில்லாத ஒரு காளை செய்துவிட்டது. சனிக்கிழமை ஷோ வளையத்தைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். லம்ஸ்டன் அந்தச் சிரிப்பைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

"காது வில்லையில என்ன நம்பர்?" என்றார் கடைசியில்.

"மட்சோடது. ஆனா அது எப்படி வந்துச்சுன்னா..."

"அப்ப அது மட்சோட மாடு. என் லவினியா அப்படி இல்லை. நீங்க கண்டுபிடிக்கலை, மேடம். உங்களால முடியலை. எல்ஸ்பெத்கிட்ட சொல்லிருங்க, சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான்."

போன் வைக்கப்பட்டது.

"யாரு எடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்றார் ஐல்சா. "ஏழு வாரம்! மாட்டைக் கண்டுபிடிச்சு மூக்குக்கு முன்னாடி நிறுத்தினா, மாடே இல்லைங்கறான்! என்ன எழுதறது ரிப்போர்ட்ல?"

"கெடைக்கலைன்னு எழுதுங்க, பாஸ். கஸ்டமர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் நோட்டைத் திறந்து, பேனா காகிதத்தைக் கிழிக்கும்படி அழுத்தி, லவினியா, கிடைக்கவில்லை என்று எழுதினார். மணி மூன்றரை. என் பாக்கெட்டில் அலிக்கின் ஏழாவது அழைப்பு அடித்துக்கொண்டிருந்தது.

இறங்கவேண்டியவை இறங்கியபின் லாரியில் லவினியா மட்டும் நின்றாள். எல்ஸ்பெத் உள்ளே ஏறி, தன் இடுப்பு பெல்ட்டையே அவள் கழுத்தில் மாட்டிப் பிடித்துக்கொண்டாள். டூகல் லாரிப் பலகையில் கால் வைத்தவர், ஏறாமல் நின்றார்.

"எனக்கு ஷாம்பு செலவு செய்ய வழியில்லை."

"வேணாம்" என்றாள்.

"யாரு வந்தாலும் போய் நாலு காலை ஊணி நிக்கும் இது. அடுத்த வியாழக்கிழமையும் நிக்கும். யாராவது கூடவே இருந்து அந்தப் புத்தியை மாத்தணும். கொட்டகைக்குப் பின்னாடி ரெண்டு ரூம் வீடு சும்மாக் கெடக்கு. கூரை ஒரு மூலையில ஒழுகும்." குரலை உயர்த்தினார். "ஓடை விஷயத்தை நான் மறக்க மாட்டேன். அது வேற."

எல்ஸ்பெத் லவினியாவின் கழுத்துச் சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"கொல்லை இருக்கா?"

"இருக்கு. கல்லுதான் நெறைய."

"லீக் இன்னிக்குத்தான் நட்டேன். வேர் பிடிச்சிருக்காது. நாளைக்கே பெயர்த்து எடுத்துட்டு வந்தா பொழைச்சுக்கும்."